இடுப்பளவு

அந்தப் பெண்ணின் இடுப்பை ஒரு வருடத்துக்குள் ஏழு தடவை அளந்திருக்கிறேன். முதல் தடவை இருபத்தெட்டு அங்குலம். கடைசித் தடவை இருபத்திரண்டரை. அதற்கிடையில் நான் என்ன செய்தேன், என்ன செய்யாமல் இருந்தேன் என்பதை ஒரு தடவையாவது ஒழுங்காக எழுதிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்போது நான், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் விலை கூடிய கடைத்தெருவான புளோர் வீதியில், ஒரு பிரெஞ்சு உடுப்புக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். கடையின் பெயரைச் சொல்ல விருப்பமில்லை. பாரிசில் தொடங்கி உலகம் முழுக்கக் கிளை விட்ட கம்பனி. மேலே, கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, பளிங்குத் தரையும் வெள்ளைப் பூக்களும் இருக்கும். ஒவ்வொரு நாள் காலையும் கடை திறக்க முதல் திரைச்சீலைகளுக்கு வாசனைத் திரவியம் அடிப்பார்கள். கீழே, யன்னல் இல்லாத ஓர் அறையில் நானும் ஒரு போர்த்துக்கேயப் பெண்ணும் இருப்போம். மூன்று தையல் மெசின், ஒரு நீராவி அயன், சுவரோடு வரிசையாக, உடுப்பு மாட்டிப் பார்க்கும் ஆளளவுத் துணிப் பொம்மைகள். மேலே ஒருவர் உடுப்பு வாங்கினால் அதை அவருடைய உடம்புக்கு அளவாக்கிக் கொடுப்பது எங்கள் வேலை. மணி அடித்தால் மேலே போக வேண்டும். மணிக்கட்டில் குண்டூசி மெத்தை, கழுத்தில் அளவு நாடா. முழங்காலில் நின்று ஊசி குத்திவிட்டு, வந்தது தெரியாமல் கீழே இறங்கிவிட வேண்டும்.

வோபர்னில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் சாறிப் பிளவுஸ் தைத்துத் தொடங்கினவள் நான். பிறகு ஸ்காபரோவில் ஒரு கல்யாண உடுப்புக் கடை, அங்கிருந்து இங்கே. சேர்ந்த முதல் மாதம் பாரிசிலிருந்து ஒரு பெண் வந்து எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அறுபது வயது இருக்கும். கை தைத்துக்கொண்டிருக்க வாய் கதை சொல்லும். திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுத்த பட்டைகளை வைத்துத் தைத்த கச்சைக்குள் அரண்மனைப் பெண்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற கதை. முந்திய காலத்தில் சீமாட்டி தையற்காரரைக் கூப்பிட்டுத் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்வாளாம். பிறகு இங்கிலாந்துக்காரர் ஒருவர் பாரிசில் கடை போட்டு, உடுப்புக்குள் தன் பெயரைத் தைத்து, நீ எதைப் போட வேண்டும் என்று நான் சொல்கிறேன் என்றாராம். சீமாட்டிகள் வரிசையில் வந்தார்கள். "எங்கள் தொழில் அன்றைக்குத்தான் பிறந்தது" என்றார் அவர். பிறகு வந்த ஒருவர் கச்சையைத் தூக்கி எறிந்துவிட்டு, பாவாடையைக் கணுக்காலில் ஒடுக்கினார். பெண்கள் மூச்சு விட்டார்கள், ஆனால் நடக்க முடியவில்லை. இரண்டாவது உலக யுத்தம் முடிந்ததும் இடுப்பு திரும்பி வந்தது, முன்னையதை விடச் சிறிதாக.

அந்த யுத்தத்துக்குப் பிந்திய மாதிரியில் தைத்த ஒரு கவுணைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே வலையும் பட்டையும் பஞ்சும் வைத்துக் கட்டியிருந்ததால் அது தானாக நிமிர்ந்து நின்றது.

"பாருங்கள், உள்ளே ஆள் தேவையில்லை" என்றார்.

பார்க்க வந்திருந்த மேல்கடை ஆட்கள் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பாரிசில் நிரந்தர வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு துணிப் பொம்மை உண்டு என்றும் சொன்னார். அந்தப் பெண் பெருத்தால் பொம்மையின் மேல் பஞ்சைச் சுற்றுவார்களாம். மெலிந்தால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். "உரித்து எடுப்போம்" என்றார்.

அந்தத் தம்பதியர் முதலில் வந்தது ஓர் ஒக்டோபர் மாதப் பின்னேரம். மணி அடித்து மேலே போனேன். உடுத்திப் பார்க்கும் பெரிய அறையில், கண்ணாடிகளுக்கு முன்னால் உள்ள சின்ன மேடையில் அவள் நின்றாள். முப்பது வயது இருக்கலாம். கறுப்புக் கவுண். அவளுக்குப் பின்னால், ஆண்கள் காத்திருப்பதற்கென்று போட்டிருக்கும் மெத்தைக் கதிரையில் கணவர் இருந்தார். நாற்பது வயது, சாம்பல் நிறக் கோட், மெல்லிய குரல். யூனியன்வில்லில் வீடு, வீடு விற்கும் தொழில் என்று எங்கள் மனேஜர் என் காதில் சொன்னாள். நல்ல வாடிக்கையாளர், கவனம் என்றும் சொன்னாள்.

அவர் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னார். நன்றியும் சொன்னார். பிறகு மனைவியிடம் தமிழில் திரும்பினார்.

"நிமிர்ந்து நில்லும். வயித்தை உள்ளுக்கு இழும்."

யாழ்ப்பாணத் தமிழ். எங்கள் வீட்டுத் தமிழ். நான் கட்டையாக முடி வெட்டி, கண்ணாடி போட்டு, கறுப்பு உடுப்பில் இருந்தேன். என்னைக் கயானாவிலிருந்து வந்த, தமிழ் தெரியாத இந்திய வம்சாவளிக்காரி என்று நினைத்திருப்பார். பலர் அப்படி நினைப்பதுண்டு. நானும் தமிழ்தான் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாடிக்கையாளர் தாமாகப் பேச்சுக் கொடுக்கும்வரை பேசக்கூடாது என்று கடையில் ஒரு விதி இருந்தது. ஆனால் உண்மையான காரணம் வெட்கம். எங்கள் ஆட்கள் இரண்டு பேருக்கு முன்னால் நான் முழங்காலில் இருந்தேன். என்னை அவர்கள் யாரோ என்று நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

இடுப்பை அளந்து, இருபத்தெட்டு என்று அட்டையில் எழுதினேன்.

"இருபத்தெட்டாம்" என்றார் அவர் தமிழில். "கேட்டனீரோ?"

"ம்" என்றாள் அவள்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார்கள். இருபத்தேழு. அதற்குப் பிறகு இருபத்தாறு. வரும்போது புது உடுப்பு ஒன்று வாங்குவார்கள், பழையதில் ஒன்றை ஒடுக்கித் தரச் சொல்லிக் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் கைபேசியை எடுத்து அளவைக் குறித்துக்கொள்வார். நான் அதைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தேன். அக்கறையான கணவர் என்று போர்த்துக்கேயப் பெண்ணிடம் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

மூன்றாவது தடவை, நான் குனிந்து பாவாடை விளிம்பை மடித்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்:

"நேற்று பின்னேரம் என்ன சாப்பிட்டனீர்?"

"ஒண்டும் இல்லை."

"பொய் சொல்லக்கூடாது. பிஸ்கற் பெட்டியில ஒண்டு குறையுது."

அறையில் பாட்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அவளுடைய காலுறைக்குள் கால்விரல்கள் சுருங்குவதைப் பார்த்தேன்.

"ஒண்டுதான் சாப்பிட்டனான்" என்றாள்.

"ஒண்டில தொடங்கிறதுதான்" என்றார் அவர். கோபமே இல்லை. பால் குடிக்காத பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில், தையலுக்குள் மிச்சம் விடும் துணியை வெட்டிவிடும்படி கேட்டார். இனி இந்த உடுப்பைப் பெருப்பிக்கும் தேவை வராது என்றார்.

பிரெஞ்சு முறையில் தைக்கும் நல்ல உடுப்பில் தையலுக்கு உள்ளே இரண்டு விரல் அகலத் துணி விடுவார்கள். உடம்பு மாறும், உடுப்பும் அதோடு மாற வேண்டும் என்பதற்காக. கீழே வந்து கத்தரிக்கோலை எடுத்தேன். வெட்ட மனம் வரவில்லை. மடித்து உள்ளே தைத்து, அயன் பண்ணி, வெட்டியதுபோல் தெரியச் செய்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே எதிர்ப்பு அது. அது யாருக்கும் தெரியவும் இல்லை.

நாலாவது தடவை கோடை தொடங்கிவிட்டது. அவள் முதுகுப் பக்கம் திறந்த ஒரு உடையைப் போட்டிருந்தாள். முதுகு முழுக்க மெல்லிய பூனைமயிர். முன்பு அது இல்லை. தோளில் குத்திய ஊசிகளை எடுத்தபோது தலைமுடி கொத்தாக என் கையோடு வந்தது. ஜூன் மாதத்தில் அவளுடைய விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. திரைச்சீலை வாசனையையும் தாண்டி அவளுடைய மூச்சில், நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் மணம் வந்தது.

என் மகள் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். வீட்டுக்குப் போய், ஒருவர் இப்படி இருந்தால் என்ன வருத்தம் என்று கேட்டேன். அவள் கையில் இருந்த தேத்தண்ணீரைக் கீழே வைத்தாள்.

"அம்மா, திஸ் இஸ் சீரியஸ். அந்த மயிரால உடம்பு தன்னைத் தானே சூடாக்கப் பாக்குது. சாப்பாடு இல்லாமல் உள்ளுக்க இருக்கிறதைத் தின்னுது. ஆர் அது?"

"கடைக்கு வாற ஒரு பிள்ளை."

"யூ ஹாவ் டு டெல் சம்படி."

"ஆரிட்டச் சொல்றது? மனேஜரிட்டயோ?"

"அந்தப் பிள்ளையிட்டயே சொல்லுங்கோவன்."

ஐந்தாவது தடவை அதற்கான நேரம் கிடைத்தது. அவருக்கு ஒரு கைபேசி அழைப்பு வந்து, அறைக்குள் சிக்னல் கிடைக்காமல் வாசலுக்குப் போனார். மனேஜர் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். கருநீலத்தில் ஒரு கவுண். இருபத்துநாலு அங்குலம். நான் முழங்காலில் இருந்தபடியே, தலையை நிமிர்த்தாமல் கேட்டேன்.

"பிள்ளை, வீட்டில சாப்பிட விடுறாரோ?"

அவள் உடம்பு முழுக்க விறைத்தது. நான் நிமிர்ந்தபோது கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் தமிழோ?"

"ஓம்."

"அப்ப எல்லாம் விளங்கினதோ? முதல் நாளில இருந்து?"

"ஓம் பிள்ளை."

நான் எதிர்பார்த்தது அழுகையை. அவள் அழவில்லை. முகத்தில் வந்தது கோபம்.

"ஒம்பது மாசம். ஒம்பது மாசமாக் கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள். ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

 என் கைபேசி இலக்கத்தைத் துண்டில் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "ஹாண்ட்பாக், கோட் பொக்கற், போன், எல்லாம் பாப்பார்." வாசல் பக்கம் அவருடைய சிரிப்புச் சத்தம் கேட்டது.

"இந்தக் கவுணின்ர இடுப்புப் பட்டிக்குள்ள தைச்சு விடுறன்" என்றேன். "இடப் பக்கம். கையால தடவினால் தெரியும்."

 அவர் உள்ளே வந்தார். நான் ஊசி குத்தினேன்.

அன்று பின்னேரம் வெள்ளை நாடாவில், தண்ணீரில் அழியாத பேனாவால் பத்து இலக்கங்களை எழுதி, பட்டிக்கு உள்ளே வைத்துச் சின்னத் தையலாகத் தைத்தேன். போர்த்துக்கேயப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள்.  கவுண் அடுத்த நாள் யூனியன்வில்லுக்குப் போனது. நான் கைபேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தேன். அழைப்பு வரவில்லை.

வந்தது அவர். ஓகஸ்ட் மாதம். இந்தத் தடவை என்னைப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார் என்று மனேஜர் சந்தோஷமாகச் சொன்னாள். நான் மேலே போனபோது அவர் கதிரையிலிருந்து எழுந்தார். கையில் ஒரு சொக்லேட் பெட்டி.

"வாங்கோ அன்ரி" என்றார் தமிழில்.

 அவள் மேடையில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கட ஆக்கள் எண்டு நீங்கள் முதலே சொல்லியிருக்கலாம். நாங்களும் இங்கிலிஸில கஷ்டப்பட்டுக்கொண்டு. ஊரில எந்தப் பக்கம்?"

சொன்னேன்.

"அப்படியே? அம்மாவின்ர ஆக்கள் அதுக்குப் பக்கத்திலதான். இஞ்ச எங்க இருக்கிறனீங்கள்? வோபர்ன் எண்டு ஆரோ சொல்லிச்சினம். எந்த பில்டிங்?"

யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. வாய் தானாக ஒரு பொய் கட்டிட இலக்கத்தைச் சொன்னது. அவர் அதைக் கேட்டுப் புன்னகைத்தார். அது பொய் என்று அவருக்குத் தெரியும் என்று எனக்குப் பட்டது.

"மகளும் உங்களோடதானே?" என்றார். பிறகு சொக்லேட் பெட்டியை என் கையில் வைத்து, குரலை இன்னும் மென்மையாக்கினார். "அன்ரி, எங்கட வீட்டு விசயம் நாலு சுவருக்குள்ள இருக்கிறதுதான் எனக்கு விருப்பம். இவவுக்கு உடம்பைப் பற்றி ஒரு கவலை இருக்கு. நான் உதவி செய்யிறன், அவ்வளவுதான். என்ன, சரிதானே?"

கடைசிக் கேள்வி அவளுக்கு.

"ஓம்" என்றாள் அவள்.

இருபத்துமூன்று அங்குலத்துக்கு ஒரு நூலளவு கூட. நான் அதை அட்டையில் எழுதுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் பயந்துகொண்டு திரிந்தேன். எங்கள் கட்டிடத்துக் கார்த் தரிப்பிடத்தில் ஒரு நாள் சாம்பல் நிறக் கார் ஒன்று எஞ்சின் ஓடியபடி நின்றது. அவருடைய கார் என்ன நிறம் என்றே எனக்குத் தெரியாது. இருந்தாலும் மகளை அன்று பின் கதவால் கூட்டிக்கொண்டு போனேன். மகள் குடும்ப வன்முறைக்கான ஒரு உதவி இலக்கத்துக்கு அழைத்து, பெயர் சொல்லாமல் விடயத்தைச் சொன்னாள். அந்தப் பெண்ணே அழைக்க வேண்டும், வற்புறுத்தினால் சில நேரம் நிலைமை இன்னும் மோசமாகும் என்றார்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது.

சொக்லேட்டை ஒருவரும் திறக்கவில்லை. குப்பையில் போட்டேன்.

ஏழாவது தடவை வந்தபோது மறுபடி ஒக்டோபர். அவருடைய தொழில் ஆட்களின் பெரிய விருந்துக்கென்று ஒரு மாலைக் கவுண் பாரிசிலிருந்து வரவழைத்திருந்தார்கள். முத்து நிறப் பட்டு. மேல்பகுதிக்குள் பட்டைகள் வைத்து, இடுப்பில் உள்பட்டியைக் கொளுக்கியால் மாட்டும் பழைய முறைத் தையல். பயிற்சியின்போது மேசையில் தனியாக நின்றதே, அந்த இனம். கடையிலிருந்த ஆகச் சிறிய அளவும் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

"இதை இதற்கு மேல் ஒடுக்கினால் வெட்டு குலைந்துவிடும்" என்று மனேஜரிடம் முதலே சொன்னேன். "அவளால் மூச்சு விட முடியாது. அவளுக்கு உடம்பு சரியில்லை."

"அது எங்கள் வேலை இல்லை" என்றாள் மனேஜர். "ஊசி குத்து."

குத்தினேன். முதுகுப் பக்கம் இரண்டு புறமும் இழுத்து, நூலோட்டம் போட்டு இறுக்கினேன். இருபத்திரண்டரை என்று வாசித்தேன்.

"இன்னும் அரை இஞ்சி வரும்" என்றார் அவர், கதிரையிலிருந்து. "மூச்சை வெளிய விடும். முழுக்க விடும்."

அவள் மூச்சை வெளியே விட்டாள். மறுபடி இழுக்கவில்லை.

கண்ணாடியில் அவளுடைய கண்கள் மேலே செருகுவதை முதலில் கண்டேன். பிறகு என் மேல் சரிந்தாள். நான் முழங்காலில் இருந்ததால் நேரே மடியில் விழுந்தாள். பாரமே இல்லை. ஒரு கவுணை யாரோ என் மேல் போட்டதுபோல் இருந்தது. உதடு நீலம். உள்பட்டியின் கொளுக்கிகளைக் கழற்ற முயன்றேன். விரல் வழுக்கியது. இடுப்புப் பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, முதுகில் மேலிருந்து கீழாகப் பட்டையும் வலையும் பட்டும் சேர்த்து வெட்டினேன்.

"ஏய்! உடுப்பை வெட்டாத!" என்று அவர் கத்தினார்.

ஒரு வருடத்தில் அவர் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

உள்பட்டி அறுந்ததும் அவள் நெஞ்சு ஏறியது. இருமினாள். கண் திறக்கவில்லை. மனேஜர் திரைச்சீலையை இழுத்து மூடினாள், வெளியே வேறு வாடிக்கையாளர் நின்றார்கள். அம்புலன்சுக்கு முதல் கொஞ்சம் தண்ணீர் கொடுத்துப் பார்ப்போமா என்றாள். நான் ஒரு கையால் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் 911 அழுத்தினேன்.

வந்த இரண்டு பேரில் ஒரு பெண், அவளுடைய நாடியைப் பிடித்து, கண் இமையைத் திறந்து பார்த்து, இவர் கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று கேட்டாள். கணவர் தன் பழைய குரலுக்குத் திரும்பியிருந்தார். காலையில் நன்றாகச் சாப்பிட்டார், கொஞ்சம் களைப்பு, வேறொன்றும் இல்லை என்றார்.

"பொய்" என்றேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தரையில் இருந்தபடி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பிஸ்கற்றுகளை எண்ணுவது, ஒவ்வொரு அளவையும் குறிப்பது, கைப்பையைச் சோதிப்பது, முதுகில் பூனைமயிர், முடி. அட்டையில் நான் எழுதி வைத்த ஏழு அளவுகளையும் சொன்னேன். அம்புலன்ஸ் பெண் அதை எழுதிக்கொண்டாள். பிறகு கணவரிடம், நீங்கள் எங்களோடு வரத் தேவையில்லை, பின்னால் வாருங்கள் என்றாள். அவர் தலையாட்டினார். அவளைக் கொண்டுபோகும்போது அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, கோட்டில் ஒட்டியிருந்த பட்டு நூலை இரண்டு விரலால் எடுத்துத் தரையில் போட்டார்.

என்னை அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த கிழமை கடிதம் வந்தது. வாடிக்கையாளரின் தனிப்பட்ட விடயங்களை வெளியாருக்குச் சொன்னதற்காக வேலை நீக்கம். கவுணைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஆறு கிழமை கழித்து, நான் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

"அன்ரி, நான்தான்."

நகரத்தின் கிழக்கு ஓரம், ரூஜ் பக்கம் அக்காவின் வீட்டில் இருப்பதாகச் சொன்னாள். வைத்தியசாலையில் ஒரு மாதத்துக்கு மேல். உடுப்பு எடுக்க அக்கா ஒரு பொலிஸ்காரரோடு யூனியன்வில்லுக்குப் போனபோது, நீலக் கவுணை மட்டும் கொண்டுவா என்று சொல்லி அனுப்பினாளாம்.

இரண்டு பஸ் மாறிப் போனேன். பனி கொட்டியிருந்தது. புது வீடுகள், எல்லாம் ஒரே மாதிரி. அக்காதான் கதவைத் திறந்தாள், திறக்க முதல் மூன்று பூட்டுச் சத்தம் கேட்டது. அத்தானின் பெரிய சுவெற்றரைப் போட்டுக்கொண்டு அவள் சோபாவில் இருந்தாள். முன்னால் ஒரு கோப்பை கஞ்சி. அதைக் குடித்து முடிக்க ஒரு மணித்தியாலம் எடுக்குமாம். ஒவ்வொரு கரண்டிக்கும் முன்னால் சுவர்ப் பக்கம் பார்த்தாள். யாரும் அங்கே இல்லை.

"நீங்கள் தமிழ் எண்டு நான்தான் அவருக்குச் சொன்னனான்" என்றாள். "காருக்குள்ள, ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு எண்டு கேட்டவர். பயத்தில சொல்லிப்போட்டன். நம்பர் தைச்சதைச் சொல்லேல்லை."

"பரவாயில்லை பிள்ளை."

"அவர் செய்ததை விட எனக்கு ஒண்டுதான் இப்பவும் விளங்கேல்லை. நீங்கள் அளந்து சொல்லேக்க, குறைஞ்சிருந்தால் எனக்குச் சந்தோசமா இருக்கும். இப்பவும் இந்தக் கஞ்சியைக் குடிச்சால், ஐயோ கூடப்போகுதே எண்டு இருக்கு. அவர் இஞ்ச இல்லை. எண்டாலும் இருக்கு."

நான் அவள் கையைப் பிடித்தேன். கொஞ்சம் சூடு வந்திருந்தது.

அப்போது வாசல் மணி அடித்தது. அக்கா யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தாள். படியில் ஒரு பெட்டி இருந்தது. கொண்டுவந்த வான் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. நான் வெளியே போய் எடுத்து வந்தேன். எட்டு வருடம் அந்தப் பெட்டிகளை நான் கட்டியிருக்கிறேன். வெள்ளை அட்டை, கறுப்பு நாடா, திறந்தால் மெல்லிய தாள், தாளில் அந்தத் திரைச்சீலை வாசனை.

"இந்த விலாசம் அவருக்குத் தெரியாது" என்றாள் அக்கா. "நாங்கள் வீடு மாறி நாலு மாசம்தான்."

உள்ளே ஒரு சிவப்புக் கவுண். சாப்பாட்டு மேசையில் விரித்தேன். பின் தையலைப் பார்த்ததும் யார் கை என்று தெரிந்தது. போர்த்துக்கேயப் பெண்ணுடையது, நூலை இரண்டு தடவை முடிச்சுப் போடுவாள். யாருக்கென்று அவளுக்குத் தெரிந்திருக்காது, அட்டையில் எழுதிக் கொடுத்த அளவைத் தைத்திருப்பாள். என் கைப்பையில் அளவு நாடா எப்போதும் இருக்கும். அளந்தேன். பத்தரை, இரண்டு பக்கம். இருபத்தொன்று.

தாளுக்குள் ஒரு சின்ன மட்டை. அழகான தமிழ் எழுத்து. *வீட்டுக்கு வரேக்க இதைப் போட்டுக்கொண்டு வாரும்.*

அக்கா பொலிசுக்கு அழைத்தாள். வந்தவர் இளம் ஆள், மரியாதையாகக் கேட்டு, எல்லாவற்றையும் எழுதி, பெட்டியையும் மட்டையையும் எடுத்துக்கொண்டு போனார். மட்டையில் உள்ளதை மொழிபெயர்க்கச் சொன்னார். மொழிபெயர்த்தேன். ஆங்கிலத்தில் அது ஒரு அன்பான வரியாக வந்தது. இல்லை, அப்படி இல்லை என்று அவருக்கு விளங்கப்படுத்த எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது. பிறகு நீதிமன்றத்தில் ஓர் உத்தரவு வாங்கினார்கள், அவர் கிட்ட வரக்கூடாது, ஒன்றும் அனுப்பக்கூடாது என்று. அதற்கு நானும் போய்ச் சாட்சி சொன்னேன். அவர் அங்கே என்னைக் கண்டு, அன்ரி சுகமோ என்று கேட்டார்.

பெட்டி மறுபடி வரவில்லை. ஆனால் வசந்தம் தொடங்கும்போது அவள் வேறு ஊருக்குப் போக முடிவு செய்தாள். போவதற்கு முதல் ஒரு தடவை என்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, அக்காவோடு வோபர்னுக்கு வந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை. நான் சுட்ட தோசையில் ஒன்றரை சாப்பிட்டாள். முதலாவதை முடித்ததும் கையைக் கழுவப் போனவள், திரும்பி வந்து இருந்து, இன்னும் பாதி போடச் சொன்னாள்.

எங்கே போகிறாய் என்று நான் கேட்டேன்.

"சொல்ல மாட்டன் அன்ரி" என்றாள். "குறை நினைக்காதேங்கோ. நீங்கள் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டீங்கள் எண்டு தெரியும். பேசாமல் இருக்க உங்களுக்கு ஏலும் எண்டு எனக்கு நல்லாத் தெரியும்."

குத்திச் சொன்னாளா, நம்பிக்கையாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் கேட்கத் தகுதியானவள்தான் நான். கோட்டைப் போட உதவி செய்தேன். லிஃப்ட்வரை கூடப் போனேன். அக்கா முதலில் இறங்கிக் கார்த் தரிப்பிடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒருவரும் இல்லை, வா என்று கைபேசியில் சொன்ன பிறகுதான் அவள் கீழே போனாள்.